மசக்கையில் என்னைத் தாங்கியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பிள்ளையும் நானும் நலம். கொஞ்சம் கை ஒழிந்திருக்கிறது, அதனால் இதை எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி எங்கள் கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கு. "மசக்கைன்னா வாந்தி வரத்தான் செய்யும்" என்று ஊரே சொன்னபோது, அவர் மட்டும்தான் "ஒன்னுக்கு ஒழுங்காப் போகுதா, என்ன நிறத்துல போகுது?" என்று கேட்டார். எடை பார்த்தார். கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது சாதாரண மசக்கை இல்லை என்று சொல்லி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். தண்ணீர்கூட எனக்கு வயிற்றில் தங்காத நேரம் அது.

டாக்டர் அம்மா, சாப்பாடு இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் சிறுநீரில் வெளியேறுவதைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டீர்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் என்ற பி1 வைட்டமின் போட்டாக வேண்டும், இல்லையென்றால் மூளைக்கு ஆபத்து என்று நீங்கள் நர்சிடம் சொன்னது அரை மயக்கத்திலும் காதில் விழுந்தது. அப்புறம் வாந்தியை அடக்க டாக்சிலமினும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதோ என்று பயந்த என் அம்மாவை உட்காரவைத்து, கர்ப்பிணிகள் பல காலமாகச் சாப்பிடும் மருந்துதான் என்று பொறுமையாக விளக்கினீர்கள். கருவிலிருந்தும் நச்சுக்கொடியிலிருந்தும் வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன்தான் இந்தக் குமட்டலுக்கும் வாந்திக்கும் முக்கியக் காரணம் என்று 2023-இல் வந்த ஆய்வையும் எடுத்துச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு "மனசைத் திடப்படுத்திக்கோ" என்று வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி!

அத்தை, கடுகு பொரியும் வாசனை எனக்கு ஆகவில்லை என்றதும் அடுப்பையே கொல்லைப்புறத்துக்கு மாற்றினீர்கள். தாளிப்பே இல்லாத குழம்பை மாமாவும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். விடியலில் எழும் முன் கொறிக்கத் தலைமாட்டில் பொரி, பிறகு ஆறிய தயிர் சாதமும் நார்த்தங்காயும், ஒரு தடவைக்கு இரண்டே வாய். சூடாக எது வந்தாலும் குமட்டியது. ஆறியது மட்டும் இறங்கியது.

டவுன் பஸ் கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி. ஸ்டாப்பே இல்லாத இடத்திலும் எனக்காக விசில் ஊதி நிறுத்தினார்.

அடுத்த கர்ப்பத்திலும் இப்படி வரலாம், வந்தால் எடை குறையும்வரை காத்திருக்காதே என்று செவிலியர் அக்கா சொல்லியிருக்கிறார். சரி அக்கா, வருகிறேன். மேலத்தெருவில் ஒரு தங்கை இப்போது இதே பாடு படுகிறாள். அவளையும் ஒருதரம் போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்