நம்ம சேலம் பழைய பைக் சங்கத்து ஆண்டறிக்கை: பழைய வண்டிய ஏன் இன்னும் விக்கல

தலைவர் அண்ணனுக்கும் பொருளாளருக்கும், காலைலயே பனியில மலை எறங்கி வந்திருக்குற ஏற்காட்டு உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க. போன வருசம் நான் அறிக்கை வாசிக்க ஆரம்பிச்சதும் பாதி பேரு டீ குடிக்க வெளிய போயிட்டீங்க, அதனால இந்த தடவ எத்தன கூட்டம் எத்தன தீர்மானம்னு வாசிக்கப் போறதில்ல, அதெல்லாம் மினிட்ஸ் நோட்டுல இருக்கு, வேணுங்கறவங்க பாத்துக்கலாம். வரவு செலவ பொருளாளர் வாசிப்பாரு, அதுல நான் தலையிடுறதில்ல.

இந்த வருசம் சந்தா வாங்க போன எடத்துலயெல்லாம் ஒரே கேள்விய கேட்டேன். வண்டிய ஏன் இன்னும் விக்கலங்க? நம்மள பாக்குறவன் எல்லாம் இதத்தான் கேக்குறான், நம்மளா ஒரு தடவ கேட்டு பாப்போமேன்னு.

நெறைய பேரு சொன்னது "அப்பா வண்டிங்க". சரிதான், ஆனா எனக்கு இதுல அவ்வளவா நம்பிக்கை இல்ல, ஏன்னா அப்பா வண்டின்னு சொல்ற வீட்டுலதான் வண்டி மாடிப்படிக்கு கீழ சாக்கு போத்தி நிக்குது, டயர்ல காத்து கெடையாது, கார்ப்பரேட்டர்ல இருந்த பெட்ரோல் காஞ்சு பிசினா ஒட்டி கெடக்கு. பாசத்துக்கு விக்காம வெச்சிருக்கலாம், ஆனா தெனமும் ஓட்டுறதுக்கு வேற ஏதோ காரணம் வேணும்.

அம்மாப்பேட்டையில தறி வெச்சிருக்குற நம்ம உறுப்பினர் ஒருத்தர் இன்னும் பழைய ஹீரோ ஹோண்டா சிடி 100லதான் நூல் வாங்க போறாரு, அவருகிட்ட கேட்டா பாசமும் இல்ல ஒண்ணும் இல்ல, "இத வித்தா வர்ற காசுக்கு புது வண்டியோட இன்சூரன்ஸ் கூட வராதுங்க, ஓடுது, ஓட்டுறேன்"னாரு. ஏற்காட்டுல எஸ்டேட்டு கணக்கு பாக்குறவரு புல்லட்டு வெச்சிருக்காரு, பின்னாடி மொளகு மூட்டைய கட்டிகிட்டு எஸ்டேட் மண் ரோட்டுல ரெண்டாவது கியர்லயே ஏறி வருவாரு. பழைய 350 புல்லட்டுல போர், அதாவது சிலிண்டர் விட்டம், 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி எறங்குற தூரம், 90, மொத்தம் 346 சிசி. ஸ்ட்ரோக் நீளமா இருக்கறதால ஆர்பிஎம் கம்மியா இருந்தாலும் இழுக்கும், முறுக்கி விரட்ட வேண்டியதில்ல, அதுதான் அவருக்கு வேணும். யமஹா ஆர்எக்ஸ் 100 பசங்க கணக்கு வேற, அது டூ ஸ்ட்ரோக்கு. 98 சிசியில 11 குதிரை சக்தி, வண்டியோ நூறு கிலோவுக்கு கொஞ்சம்தான் மேல, அந்த காலத்து 100 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கு எல்லாம் ஏழு எட்டுலதான் நின்னுச்சு. டூ ஸ்ட்ரோக்குல இஞ்சின் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவ பெட்ரோல் பத்தும், ஃபோர் ஸ்ட்ரோக்குல ரெண்டு சுத்துக்கு ஒரு தடவதான், பிக்கப்புக்கு காரணம் அதான். 1985ல வந்து 1996ல நின்ன வண்டி, இன்னிக்கு நல்ல கண்டிஷன்ல லட்சத்துக்கு மேல கேக்குறான். அத வாங்கி வெச்சு வெல ஏறட்டும்னு காத்திருக்குற ஆளுங்களும் நம்ம சங்கத்துல சேர வர்றாங்க, அவங்க நகை வாங்கி லாக்கர்ல வெச்சுக்கலாம்ங்கறது என் அபிப்பிராயம், செயற்குழு என்ன முடிவு பண்ணுதோ பண்ணட்டும்.

இப்படி ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாலும் ஓட்டுற எல்லாருகிட்டயும் பொதுவா ஒரு விசயம் இருந்துச்சு. வண்டி நின்னா ஏன் நின்னுச்சுன்னு அவங்களுக்கு பாதியாவது தெரியும், மீதிய தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துலயே இருக்காரு. பிளக்க கழட்டி கலரு பாக்குறாங்க, பிளக்குக்கு பொறி வர வைக்கிற பாயிண்ட்டுல உப்புத்தாள் போடுறாங்க, அதோட கேப்ப 0.4 மில்லிமீட்டர் கிட்ட வெச்சு கிக்கர ஒதைக்கிறாங்க, அதுக்கும் ஸ்டார்ட் ஆகலன்னா பாயிண்ட் கருகாம காக்குற கண்டன்சர மாத்துறாங்க. புது வண்டில ஸ்கேனர் மாட்டினாதான் என்ன நோவுன்னே தெரியும். புது வண்டி அவ்வளவு சீக்கிரம் நிக்கிறதே இல்லங்கறதையும் ஒத்துக்கணும், பிரேக்கும் நல்லா புடிக்குது, எங்க வீட்டம்மா ஓட்டுறது புது ஸ்கூட்டருதான், அதுல எனக்கு எந்த சண்டையும் இல்ல.

ஜூலை ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, ஜாவா, எஸ்டி பைக்குக்காரங்க கொண்டாடுற ஜாவா நாளுக்கு வழக்கம் போல ஏற்காடு போனோம், மோசமில்லாம முடிஞ்சுது, ஆனா சில பேருக்கு சொல்ல வேண்டியது இருக்கு. சேலம் 280 மீட்டர் ஒசரம், ஏற்காடு 1500 கிட்ட, 20 கொண்டை ஊசி வளைவு. மேல போகப்போக காத்து மெலிசாகுது, ஆனா கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஓட்டை இருக்கே, ஜெட்டு, அது அதே ஜெட்டுதான், பெட்ரோல் அதிகமா போயி ரிச் ஆகி பிளக்கு கருத்துடும், ஒண்டிக்கடை கிட்ட பாதி வண்டி இருமிகிட்டு நின்னதுக்கு காரணம் இதுதான், வண்டி மேல தப்பில்ல. சோக்க போடாதீங்க, காத்து இன்னும் கொறஞ்சு இன்னும் மோசமாகும். ஸ்பேர் பிளக்கு ஒண்ணு பாக்கெட்டுல இருக்கட்டும்.

எறங்கும்போதுதான் ஆபத்து. ஜாவா எஸ்டியும் டூ ஸ்ட்ரோக்குதான், அதுல ஆயில் தனியா போறதில்ல, லிட்டருக்கு 40 மில்லின்னு பெட்ரோல்லயே கலந்துதான் போகுது, அப்போ த்ராட்டில மூடிட்டு கியர்லயே உருட்டுனா பெட்ரோலும் போகாது ஆயிலும் போகாது, ஆனா பிஸ்டன் மட்டும் மேலயும் கீழயும் ஓடிகிட்டேதான் இருக்கும், கடைசியில சீஸ் ஆகி பிஸ்டன் இறுகி நின்னுடும். பழைய ஆளுங்க எறக்கத்துல அப்பப்ப ஒரு சின்ன முறுக்கு குடுக்குறது ஸ்டைலுக்கு இல்லங்க. இத கேட்டுட்டு நியூட்ரல்ல போட்டு எறக்குறவங்க இருக்கீங்க, அது அதவிட மோசம், ட்ரம் பிரேக்கு சூடாகி அடிவாரம் வர்றதுக்குள்ள புடிக்காம போயிடும்.

இப்ப முக்கியமான விசயம். இந்த வருசம் நம்ம உறுப்பினர்கள் சில பேரு வண்டிய குடுத்துட்டாங்க. ஒருத்தரும் வண்டி கெட்டுப் போச்சுன்னு குடுக்கல. சேலத்துல குகை ஏரியா பக்கம் இருந்த மெக்கானிக் அண்ணன் கண்ணு சரியா தெரியலன்னு கடைய மூடிட்டாரு, அவ்வளவுதான், ஆறே மாசத்துல அவருகிட்ட விட்டுகிட்டிருந்த எஸ்டியெல்லாம் ஒண்ணொண்ணா போச்சு. இந்த வண்டிகள செஞ்ச ஐடியல் ஜாவா கம்பெனி மைசூர்ல கதவ மூடுனது 1996ல, அப்ப கூட இவங்க யாரும் வண்டிய விக்கல, சென்னை புதுப்பேட்டையில, கோயமுத்தூர்ல தேடி ஸ்பேர் கொண்டாந்து ஓட்டுனாங்க. கம்பெனி போனப்ப தாங்குனவங்களுக்கு மெக்கானிக் போனதும் தாங்கல.

புது கடையில விட்டா என்ன ஆகுதுன்னு உங்களுக்கே தெரியும். பழைய புல்லட்டுல கியர் வலது கால்ல, பிரேக்கு இடது கால்ல, டெஸ்ட் டிரைவ் போன தம்பி பிரேக்குன்னு நெனச்சு கியர மிதிச்சு நாலு ரோட்டுல நடு சிக்னல்ல போயி நின்னான். ஜாவாவுல கிக்கரும் கியர் லிவரும் ஒண்ணேதான்னு சொன்னா நாம கிண்டல் பண்றோம்னு நெனைக்கிறாங்க. தம்பிங்கள குத்தம் சொல்லல, அவங்க பொறக்கறதுக்கு முன்னாடியே நின்ன வண்டி, யாரு சொல்லித் தந்தா?

அதனால செயற்குழு தீர்மானம் என்னன்னா, குகை அண்ணன் மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழம நம்ம எடத்துல வந்து உக்காருவாரு, அவரு கை வைக்க மாட்டாரு, சொல்லுவாரு, ஐடிஐ படிக்குற பசங்க ஆர்வம் இருக்கறவங்க செய்வாங்க. பாயிண்ட் செட்டிங், கிளட்ச், பிஸ்டன் ஓவர்சைஸ் போடும்போது லேத்துல போர எவ்வளவு எடுக்கணும்ங்கறது மொதல்ல. பசங்களுக்கு சாப்பாடும் பஸ் காசும் சங்கம் குடுக்கும். அண்ணனுக்கு என்ன குடுக்கறதுன்னு கேட்டதுக்கு அவரு சிரிச்சாரு, அத பொருளாளர் பேசி முடிக்கணும்.

மத்ததெல்லாம் சீக்கிரம் சொல்லிடறேன். ஆர்சி 15 வருசம் முடிஞ்சதும் ரினியூவல், அப்பறம் அஞ்சு அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ, 2022 ஏப்ரல்ல இருந்து 300 ரூவா இருந்தது 1000 ஆச்சு, 20 வருசம் தாண்டுன பைக்குக்கு 2025ல இருந்து 2000. தேதி பாத்து வெச்சுக்கோங்க, லேட் ஆனா அதுக்கு தனியா தண்டம். 50 வருசம் தாண்டுன வண்டிக்கு விண்டேஜ் நம்பர் வாங்கலாம்னு 2021ல விதி வந்துச்சு, மொத பதிவுக்கு 20,000 ரூவா, ஆனா அந்த நம்பர்ல தெனமும் ரோட்டுல ஓட்டக் கூடாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு மட்டும்தான். செவ்வாய்ப்பேட்டை மார்க்கெட்டுக்கு போறவங்களுக்கு அது ஆகாது, யோசிச்சு பண்ணுங்க.

பெட்ரோல்ல இப்ப 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்த இழுக்கும், அதனால வாரக்கணக்கா நிறுத்துற வண்டில டேங்க காலி பண்ணுங்க, இல்லன்னா உள்ள துரு புடிக்கும். பழைய ரப்பர் ஹோஸ், ஃப்ளோட் வாஷர் எல்லாம் மாத்திடுங்க, பெரிய செலவில்ல. எத்தனால்ல மிக்சர் லீன் ஆகும், அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் பத்தாது, இஞ்சின் சூடாகுற மாதிரி தெரிஞ்சா ஜெட் ஒரு சைஸ் பெருசு போட்டு பாக்கலாம், கேட்டுட்டு பண்ணுங்க.

சைலன்சர கழட்டிட்டு ராத்திரி ஏரி பக்கம் சுத்துற ஆர்எக்ஸ் தம்பிங்க யாருன்னு எனக்கு தெரியும், பேரு சொல்லல. டூ ஸ்ட்ரோக்குல சைலன்சர் சும்மா சத்தத்துக்கு மட்டும் இல்ல, பவரும் அதுலதான் இருக்கு, கழட்டுனா சத்தம் ஏறும் இழுவை எறங்கும். ஊர்க்காரங்க ரெண்டு தடவ தலைவருக்கு போன் பண்ணிட்டாங்க, மூணாவது தடவ போனா சங்க ஸ்டிக்கர கழட்டி வாங்கிடுவோம்.

கடைசியா, சங்கத்து ஜாவா கிளட்ச் புல்லர், கிளட்ச கழட்டுற டூல், காணோம். எடுத்துட்டு போனவங்க அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள கொண்டாந்துடுங்க, மொத கிளாஸே அதுலதான். இப்ப பொருளாளர் கணக்கு வாசிப்பாரு, தட்டு வடை செட்டு அதுக்கப்பறம்தான்.