வெட்டிய திராட்சைக் கொடியை எரிக்காமலிருக்க வழி கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்: பன்னீர் திராட்சை விவசாயி, சுருளிப்பட்டி, தேனி மாவட்டம்.
பெறுநர்: உயர்திரு அலுவலர் அவர்கள்.

பொருள்: கவாத்தில் (கொடியைக் கழித்துவிடுவதில்) வெட்டிய கொடிகளைச் சேகரிக்கவும், அவற்றிலுள்ள நற்பொருட்களைப் பரிசோதிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு கொடுத்த இரண்டு மனுக்களுக்கும் பதில் வரவில்லை. சுருளி சாலையில் போகும்போது பந்தல்களுக்கு நடுவே எழும் புகையைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன்.

1. கவாத்து முடிந்து நாலு மாதத்தில் அறுப்பு, அப்புறம் மறுபடியும் கவாத்து. வெட்டிய கொடியைப் பந்தலடியில் விட்டால் நோய்ப் பூஞ்சை அதில் தங்கி அடுத்த தளிரைப் பிடிக்கும். போட வேறு இடமில்லை. எரிக்கிறோம்.

2. எரிக்கிற ராத்திரி என் அம்மா படுப்பதில்லை. ஆஸ்துமா. ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தும் புகை உள்ளே வந்துவிடுகிறது. கொடியில் நாங்கள் அடித்த பூச்சிமருந்தும் பூஞ்சைமருந்தும் சேர்ந்தல்லவா எரிகிறது! போன கவாத்தில் விடியும்வரை சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். தீ வைத்தவன் நான்தான் ஐயா. பக்கத்துத் தோட்டக்காரர் மறுநாள் வைத்தார். அதற்கடுத்த நாள் இன்னொருவர். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

3. எரிந்துபோவது வெறும் குப்பையும் இல்லை. திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற நற்பொருள் கொடியிலும் இருக்கிறது, கூடவே விநிஃபெரின். பூஞ்சையை எதிர்க்கக் கொடி தானே உண்டாக்கிக்கொள்பவை இவை. வெட்டிய கொடியைச் சில வாரம் வைத்திருந்தால் ரெஸ்வெரட்ரால் கூடுகிறது என்று வெளிநாட்டு ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நாங்களோ காய்ந்ததும் கொளுத்துகிறோம். நம் பன்னீர்க் கொடியில் எவ்வளவு இருக்கிறது, மருந்து எச்சம் எவ்வளவு என்பது சோதித்தால்தானே தெரியும்? ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், பத்துக் கட்டுக் கொடியை என் வண்டியிலேயே கொண்டுபோய் இறக்குகிறேன் என்று போன மனுவிலேயே எழுதினேனே!

4. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சரி, பழத்துக்குப் பெருமை வந்தது. கொடிக்கு ஒரு கொட்டகைகூட இல்லையா?

5. முடியாது என்றாவது எழுதுங்கள், ஐயா.

கொடி சேர்த்து வைக்க ஓர் இடம், பொடியாக்க வாடகைக்கு ஓர் இயந்திரம், பரிசோதனைக்கு ஒரு கடிதம். இவ்வளவுதான் கேட்கிறேன். என் தோட்டத்தில் அடுத்த கவாத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் அந்தக் கடிதத்தையாவது கொடுத்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள விவசாயி