படம் வரைவதற்கு முன் ஒரு மழைநாளில் வாருங்கள்

மலையகத் தோட்டங்களின் வீட்டுத்திட்டங்களுக்குப் படம் வரையும் கட்டடக்கலைஞர்களுக்கு,

வணக்கம். நான் ஹட்டன் பக்கத்து மேசன். பதினாறு வயதில் பெரியப்பாவுக்குச் சாந்து குழைத்துக் கொடுக்கப் போனவன், இன்று பத்துப் பேரை வைத்து வேலை எடுக்கிறேன். உங்களிடம் சைட்டில் சொல்ல நினைத்ததைச் சொல்ல வாய்ப்பே அமையவில்லை. அதனால்தான் இந்த மடல்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் லயம் என்ற வரிசை அறைகளில் இருந்த சனங்களுக்குத் தனி வீடுகள் கட்டினோம். குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு. தலைமுறை தலைமுறையாக ஒற்றைக் காம்பராவுக்குள் பிள்ளை பெற்று, பிள்ளை வளர்த்த சனத்துக்கு அது என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. கல் சுமக்கும்போதே எங்கள் பையன்களுக்கு அந்தச் சந்தோசம் இருந்தது.

படத்தில் நிலம் ஒரே மட்டம். எங்கள் முன்னால் அது கூரை போலச் சரிந்து கிடந்தது. மலையை வெட்டி மட்டம் எடுத்தோம். பின்பக்கம் பத்தடி உயரத்துக்கு மண் நின்றது. கடைசி வீட்டு மூலையில் தேயிலை இல்லை, சேம்பு மண்டிக் கிடந்தது. அந்த மலையில் இருபது வருடம் கொழுந்து எடுத்த அக்கா ஒருவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, பங்குனி வெயில்லயும் இந்த எடம் சதசதன்னுதான் இருக்கும். ஊத்துக்கண்ணு இருக்கு. இங்கயா வீடு கட்டுறீங்க?”

சூப்பர்வைசரிடம் போனேன். படத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. படத்தில் இல்லாத வேலைக்குப் பில் பாஸ் ஆகாது. படம் வரைந்தவர் கொழும்பில். அடிக்கல் நாட்டிய அன்று வந்தார், திறப்பு விழாவுக்கு வந்தார்.

வெட்டிய மண் சரியாமல் இருக்கப் பின்பக்கம் கட்டிய தாங்குசுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் படத்திலேயே இருந்தன. அந்த ஓட்டைகளுக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்குக் கல் நிரப்ப வேண்டும் என்பதும் இருந்தது. ஆனால் அது ஓரத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். எங்களில் ஒருவரும் வாசிக்கவில்லை. வெட்டிய களிமண்ணையே பின்னால் கொட்டி மிதித்தோம். கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் பிழை, அதை நான் மறைக்கவில்லை.

பத்தடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றால் சுவரின் அடியில் சதுர அடிக்கு 600 றாத்தலுக்கு மேல் தள்ளும். மண்ணின் தள்ளுதல் வேறு. இரண்டாம் வருட ஆனி மழையில் சுவர் நடுவில் வயிறு தள்ளியது. ஓட்டைகளில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை, களிமண் அடைத்துக்கொண்டது. குசினிச் சுவரில் விரல் நுழையும் வெடிப்பு. உயிர்ச்சேதம் இல்லை. அந்தக் குடும்பம் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு பழைய லயத்துக்கே போனது. பெட்டியைத் தலையில் வைத்து அந்த வீட்டுத் தாத்தா படி இறங்கியதை நான் கீழே நின்று பார்த்தேன்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்கள் நம் சனம். அதற்குப் பிறகும் இந்த மலைகளில் ஊற்று எங்கே என்று கேட்காமல் படம் வரையலாமா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அறிக்கையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டுவது பற்றியும் சரிவு பற்றியும் எழுதுகிறது. அது கோப்புக்குள் இருக்கிறது. மண்வெட்டி பிடிக்கிறவன் கைக்கு வருவதில்லை.

சனத்திடம் கேட்டு வரைவது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். உங்கள் தொழிலின் முன்னோடி மினெட் டி சில்வா கண்டியில் பிறந்தவர். 1950களில் வட்டப்புலுவையில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்திட்டம் போட்டபோது, குடியிருக்கப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டுத்தான் வரைந்தார். எங்கள் பெண்கள் கவாத்து மிலாறில், அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிட்ட குச்சியை எரித்து, சோறு பொங்குகிறவர்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், புகைபோக்கி இல்லாத குசினியை யாராவது வரைந்திருப்பார்களா?

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. படம் முடிவாகும் முன் ஒருநாள், மழை பெய்யும் நாளாகப் பார்த்து, மேசனையும் கொழுந்தெடுக்கும் பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அந்த நிலத்தில் நடந்து பாருங்கள். குறிப்புகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். மில்லிமீற்றருக்குப் பக்கத்தில் அடி, அங்குலமும் போடுங்கள், எங்கள் கை அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. திறப்பு விழாவுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, சுவருக்குப் பின்னால் மண் மூடும் முன் வாருங்கள். மூடிய பிறகு உங்களாலும் ஒன்றும் பார்க்க முடியாது, எங்களாலும் முடியாது. மேசன் ஒரு சந்தேகம் கேட்டால் அது உங்கள் படிப்பைக் குறை சொல்வது ஆகாது. அதற்கு எழுத்தில் ஒரு பதில் தாருங்கள். அந்தத் துண்டுக் கடிதம் இருந்தால் சூப்பர்வைசரும் பயப்படாமல் கையெழுத்து வைப்பார்.

அதே தோட்டத்தில் அடுத்த வரிசை வீடுகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இன்னும் கயிறு பிடிக்கவில்லை. மேல் பக்கம் ஓர் இடத்தில் சேம்பு நிற்கிறது. நான் காட்டுகிறேன், வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மேசன்