கொடுத்தீர்கள் சரி, எடுத்தீர்களா?

ஸ்டோரேஜ் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை இரவு எங்கள் டேட்டாபேஸ் சர்வர் ரீபூட்டுக்குப் பின் தன் டிஸ்கைக் காணாமல் தவித்தது உங்களுக்கும் தெரியும். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் "சர்வர் தரப்பில் தவறான ஃபார்மட்" என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது.

பழைய டேட்டாபேஸ் சர்வரை நிறுத்தியபோது, அதன் 2 டெராபைட் லன்னை, அதாவது ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து சர்வருக்கு ஒதுக்கும் டிஸ்கை, புதிய லினக்ஸ் சர்வருக்கு மாற்றித் தரக் கேட்டோம். டிக்கெட்டில் "முடிந்தது" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. புதிய ஹோஸ்ட் குரூப்பில் (ஒரு லன் எந்தெந்த சர்வர்களுக்குத் தெரியலாம் என்ற பட்டியலில்) சேர்த்தது உண்மைதான். பழைய குரூப்பிலிருந்து எடுக்கவில்லை. எந்தக் கார்டு எந்த ஸ்டோரேஜோடு பேசலாம் என்று ஸ்விட்சில் சொல்லும் ஜோனிங்கும் அப்படியே கிடந்தது. பழைய சர்வரை ஸ்டோரேஜோடு இணைத்த ஃபைபர் சேனல் கார்டு நன்றாக இருந்ததால் ஒரு விண்டோஸ் சர்வருக்குப் போனது. ஸ்டோரேஜ் சர்வரை அடையாளம் காணும் டபிள்யூ.டபிள்யூ.என். எண் கார்டோடு போகும், பெட்டியோடு நிற்காது என்று உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அங்கிருந்த தம்பி அன்றுதான் புது டிஸ்க் கேட்டிருந்தார். புதிதாக ஒன்று தெரிந்தது, அளவும் ஏறக்குறைய பொருந்தியது. லினக்ஸில் டிஸ்குகளை நிர்வகிக்கும் எல்.வி.எம். விண்டோஸுக்குப் புரியாது, காலி டிஸ்க் என்று நினைத்து "இனிஷியலைஸ் செய்யலாமா?" என்று கேட்டது. செய்தார். அவர் இடத்தில் இருந்தால் நானும் செய்திருப்பேன். அப்போது எழுதப்படும் பார்ட்டிஷன் அட்டவணையான ஜி.பி.டி. தன் ஹெட்டரை எழுதுவது டிஸ்கின் இரண்டாவது செக்டாரில். எல்.வி.எம். வழக்கமாக, இது என் டிஸ்க் என்று சொல்லும் தன் லேபிளை வைத்திருப்பதும் அதே செக்டாரில். போனது அந்த லேபிள்.

லினக்ஸ் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. விவரமெல்லாம் நினைவகத்தில் இருந்ததால் டேட்டாபேஸ் 11 நாள் ஓடியது. பேட்ச் போட்டு ரீபூட் செய்த இரவில்தான், அந்த டிஸ்கில் எல்.வி.எம். கட்டிவைத்திருந்த வால்யூம் குரூப்பையே காணோம். ரூட் டிஸ்கில் எல்.வி.எம். தானாக எடுத்து வைத்திருந்த மெட்டாடேட்டா (டிஸ்க் அமைப்பு விவரம்) நகல் மட்டும் கையில் இருந்தது. அதிலிருந்த பழைய யு.யு.ஐ.டி.யை (டிஸ்கின் தனி அடையாள எண்ணை) லேபிளைத் திரும்ப எழுதும் கட்டளையில் சேர்த்து, ஒருவர் வாசிக்க ஒருவர் விரல் வைத்துச் சரிபார்க்க, என்டரை அழுத்துவதற்கு முன் அறையில் யாரும் பேசவில்லை. தப்பித்தோம். அந்தத் தம்பியை வேறு வேலைக்கு அழைத்ததால் பார்ட்டிஷன் போடாமல் எழுந்து போயிருந்தார், காரணம் அவ்வளவுதான். ஆக, நீங்கள் எழுதிய ஃபார்மட் நடக்கவே இல்லை. நடந்திருந்தால் இந்த மடலுக்குப் பதில் என் ராஜினாமா வந்திருக்கும்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒரு லன்னை யாருக்காவது கொடுக்கும்போது, அது இப்போது யார் யாருக்குத் தெரிகிறது என்று பாருங்கள்; தெரியக் கூடாத இடத்திலிருந்து எடுங்கள். பிறகு "முடிந்தது" என்பதோடு லன்னின் 32 இலக்க அடையாளத்தையும் அந்த ஹோஸ்ட்களின் பெயர்களையும் டிக்கெட்டில் எழுதுங்கள். "லன் 5" என்றால் போதாது. ஒரே வால்யூம் இங்கே 5, இன்னொரு சர்வரில் 2 என்று வர முடியும். ஒரே அளவில் ஆறு டிஸ்க் வரிசையாக நிற்கும்போது எது புதியது என்று ஜோசியமா பார்ப்பது?

ஒரு டிஸ்க் கேட்க 14 கட்டம் நிரப்புகிறோம், இரண்டு மேலாளர்களின் ஒப்புதலும் வாங்குகிறோம். செலவுக் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தவறினால் டிக்கெட் ஐந்தே நிமிடத்தில் திரும்பி வருகிறது. அந்தக் கூர்மை ஹோஸ்ட் குரூப் பக்கம் திரும்பினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஞாயிறு காலை, தூங்காத கண்ணோடு பார்த்தால், "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று ஒரு மின்னஞ்சல் வேறு.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. உங்கள் ஆள் பற்றாக்குறை எங்களுக்கும் தெரியும். இருந்தாலும் மறுபடி கேட்கிறேன்: கொடுக்கும்போதே எடுப்பதையும் செய்யுங்கள். சர்வர்களை நிறுத்தும் பட்டியலை மாதாமாதம் அனுப்ப நாங்கள் தயார்.

இன்னொன்று. இதை எழுதும் இந்த நேரத்திலும் அந்த லன் விண்டோஸ் சர்வரில் ஆஃப்லைன் டிஸ்காகத் தெரிகிறது. தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். பழைய ஹோஸ்ட் குரூப்பிலிருந்து, எங்களுடையதிலிருந்து அல்ல.

நன்றியுடன்,
சர்வர் குழுவிலிருந்து ஒருவன்