ஊன்றிய கால்

அன்புள்ள முரளி,

இங்கு அனைவரும் நலம். தீபாவளி வாழ்த்துக்கு நான் பதில் எழுதவில்லை என்று ராஜா அண்ணனிடம் நீ புகார் வாசித்த செய்தி வந்து சேர்ந்தது. அந்த வழக்கை நேரில் பேசித் தீர்த்துக்கொள்வோம். இப்போது எழுதுவது வேறு காரணத்துக்காக.

என் அண்ணன் மகளுக்குச் சென்ற மாதம் முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. அவள் வேறொரு கராத்தே வகுப்பில் பயில்பவள். பிரவுன் பெல்ட் தேர்வுக்கான பயிற்சியில் மாவாஷி கேரி, அதாவது காலைப் பக்கவாட்டில் சுழற்றி அடிக்கும் உதை, உதைத்தபோது நேர்ந்தது. உதைத்த கால் நன்றாக இருக்கிறது, தரையில் ஊன்றியிருந்த கால்தான் போயிற்று. வெறுங்கால் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பாயில் பாதம் முன்னோக்கியபடியே நிலைத்துவிட, அதற்கு மேலே இடுப்பும் தொடையும் திரும்பிவிட்டன. மடங்கி நிமிர்வதற்கென்றே அமைந்த, சுழல்வதற்கு மிகக் கொஞ்சமே இடமுள்ள முழங்கால், அந்த முறுக்கு முழுவதையும் தாங்க வேண்டியதாயிற்று. குதிகாலைச் சற்றே தூக்கி, முன்பாதத்தின் மேல் திரும்பு என்று அவளுக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. "இன்னும் உயரமாக, இன்னும் உயரமாக" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. எங்கள் வகுப்பில் நன்றாக உதைக்கும் பையன் ஒருவனைக் கைபேசியில் வினாடிக்கு 240 படங்கள் வேகத்தில் பதிவு செய்து பார்த்தேன். முதலில் முழங்கால் எழுகிறது. குதிகால் பின்தொடையை ஒட்டி மடங்கியிருப்பதால் காலின் எடை இடுப்புக்கு அருகே திரண்டு, காலைச் சுழற்றுவது எளிதாகிறது. தொடை வேகமெடுக்கிறது. பாதம் இலக்கைத் தொடுவதற்குச் சற்று முன்பு அந்தத் தொடை ஏறத்தாழ நின்றேவிடுகிறது, கீழ்க்கால் மட்டும் விரிந்து பாய்கிறது; அந்தப் படங்களில் தொடை தெளிவாகவும் பாதம் வெறும் தீற்றலாகவும் தெரிகின்றன. பின்தொடைத் தசைதான் தொடையைப் பிடித்து நிறுத்துகிறது என்று பலரும் கற்பிக்கிறார்கள். உண்மையில் விரியும் கீழ்க்காலின் எதிர்விசையே பெரும்பாலும் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே "தொடையை நிறுத்து" என்று பிள்ளைகளிடம் கத்துவதில் பொருளில்லை.

உயரமும் அப்படித்தான். தொடையைத் திருப்பாமல் காலை நேராகப் பக்கவாட்டில் தூக்கிப் பார், ஓரளவுக்கு மேல் எலும்பே எலும்பை இடிக்கும். தசையை எவ்வளவு இழுத்தாலும் அந்தத் தடை நீங்காது. ஊன்றிய பாதம் திரும்பி, குதிகால் எதிராளியை நோக்கி, இடுப்பு சாய்ந்தால்தான் தொடையெலும்புக்கு வழி பிறக்கிறது. இதைச் சொல்லித்தராமல், அழும் குழந்தைகளின் தோளை அழுத்திக் கால்களை விரிக்க வைக்கிறார்களே, அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது, முரளி.

போட்டி விதிகளும் இதற்கு உடந்தை. தலைக்கு உதைத்தால் 3 புள்ளி, உடலுக்கு உதைத்தால் 2, குத்துக்கு 1 என்றிருக்கும்போது யார் தாழ்வான உதையில் காலம் செலவிடுவார்கள்? ஆனால் 1983-இல் வில்க், மெக்நேர், ஃபெல்ட் மூவரும் கராத்தேயின் இயற்பியல் பற்றி எழுதிய கட்டுரையில் மாயே கேரியின் (நேராக முன்னே உதைப்பது) உச்ச வேகம் வினாடிக்கு 9.9 முதல் 14.4 மீட்டர், மாவாஷி கேரியின் வேகம் 9.5 முதல் 11 மீட்டர்தான். (இந்த மெக்நேர், சேலஞ்சர் விண்கலத்தில் உயிரிழந்த அதே ரொனால்ட் மெக்நேர், கறுப்பு பெல்ட் பெற்றவர்.) வேகமே நோக்கமென்றால் எளிய முன்னுதையை இன்னும் ஓராண்டு கூடுதலாகப் பழகுவதில் யாருக்கு என்ன நட்டம்?

நம் மாஸ்டர் நம்மைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, உதைக்கவே விடாமல், ஊன்றிய காலை மட்டும் திருப்பச் சொன்ன அந்த மழைக்காலம் நினைவிருக்கிறதா? நீ எதற்காக நடுவில் ஓடிப்போனாய் என்பதை உன் மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பிசியோதெரபி படித்தவன் நீ. ஊன்றிய கால் தானாகத் திரும்பப் பழகும்வரை தலையுயர உதையைத் தேர்வில் கேட்கக் கூடாது என்று எங்கள் மாவட்டப் பயிற்சியாளர் கூட்டத்தில் பேசப்போகிறேன். ஒரு பிள்ளையின் இடுப்பு தயாராகிவிட்டதா என்று பயிற்சியாளரே பார்த்துச் சொல்லக்கூடிய எளிய சோதனைகளை எழுதி அனுப்பு. அண்ணன் மகளின் ஸ்கேன் அறிக்கையையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அறுவை சிகிச்சை வேண்டுமா என்று அண்ணன் தினமும் கேட்கிறார். அதற்கு மட்டும் முதலில் பதில் எழுதிவிடு.

அன்புடன்,
செல்வம்