கில்ட்டுக்கு ஒரு பச்சை டை

அன்புள்ள கண்ணா,

ஸ்காட்லாந்தில், இன்வர்னெஸ் ஊரில் நடக்கும் கல்யாணத்துக்கு நீ எடுத்து வைத்திருக்கும் உடையைப் படத்தில் பார்த்தேன். பிளாக் வாட்ச் கில்ட், அந்தக் கட்டம் போட்ட மடிப்புப் பாவாடை, உனக்கு நன்றாக இருக்கிறது. பிளாக் வாட்ச் என்பது 1739-ல் உருவான ஸ்காட்லாந்துப் பட்டாளம், அதன் துணி அது. ஸ்காட்லாந்தின் எந்தக் குலத்தையும் சேராதவர்களும் கட்டுவார்கள், நீ தயங்க வேண்டாம். ஆனால் அதே டார்ட்டன் கட்டத் துணியில் டையும் வாங்கியிருக்கிறாயே, அதை மட்டும் மாற்றிவிடு.

எடின்பரோவில் கில்ட் வாடகைக் கடையில் சேர்ந்த புதிதில் நானும் ஒரு மாப்பிள்ளைக்கு அப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன். கல்யாணப் படத்தை அவர் கொண்டுவந்து காட்டியபோது எனக்கு மனசே ஆறவில்லை. கில்ட்டில் சுமார் எட்டு கஜம் கம்பளித் துணி இருக்கிறது, அதன் கட்டங்கள் நேராக நிற்கும். டைக்குத் துணியை மூலைவாட்டாக வெட்டுவார்கள். அதே கட்டம் நெஞ்சில் சாய்ந்து விழும். ஒன்று போலவும் இல்லாமல் வேறாகவும் இல்லாமல் கண்ணை உறுத்தும்.

பாட்டி கண்டாங்கிச் சேலைக்கு ரவிக்கைத் துணி எடுப்பது நினைவிருக்கிறதா? சேலையைக் கடைக்கே கொண்டுபோய், வெளிச்சத்தில் விரித்து, கட்டத்துக்குள் இருக்கும் ஒரு நிறத்தைத்தான் தேடுவார். நீயும் அப்படியே செய். பிளாக் வாட்சில் இருப்பது கருநீலம், பச்சை, கறுப்பு. வெறும் கறுப்பு டையை இங்கே துக்கத்துக்குக் கட்டுவார்கள். கருநீலம் நல்லதுதான், ஆனால் சர்ச்சுக்குள் அதுவும் கறுப்பாகவே தெரியும். அதனால் பச்சை. உன் ட்வீட் கோட்டுக்குப் பளபளக்கும் பட்டு வேண்டாம், கம்பளி டைதான் அழகு.

கில்ட்டைத் தொப்புள் உயரத்துக்குக் கட்டுவதால் டை நீளமாகிவிடும். அதன் நுனி கில்ட்டின் மேல்விளிம்போடு நிற்கட்டும். கில்ட்டின் முன்னால் தொங்கும் ஸ்போரன் பை வரை தொங்கக் கூடாது. வெய்ஸ்ட்கோட் போட்டால் நுனி உள்ளே போய்விடும், அப்போது பெல்ட்டும் வேண்டாம். போ டை கட்டலாமா என்று கேட்டிருந்தாய். அது பிரின்ஸ் சார்லி என்ற குட்டைக் கோட்டோடு மாலை விருந்துக்கு. பகல் பன்னிரண்டு மணிக் கல்யாணத்துக்கு வேண்டாம், கண்ணா.

அடர்பச்சையில் ஒரு கம்பளி டை நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். வந்ததும் ஜன்னலோரம் கில்ட்டின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. சுருக்கம் இருந்தால் இஸ்திரிப் பெட்டியை மேலே வைக்காதே. நீ குளிக்கும்போது அந்த ஆவியில் கொஞ்ச நேரம் தொங்கவிடு, சரியாகிவிடும்.

அன்புடன்,
அம்மா