நானே வாதாடிய வழக்கு

அன்புள்ள தாமரை,

என் மகள் கவிதாவின் ஜீவனாம்சத்தை உயர்த்தக் கேட்டு நான் போட்ட மனுவில் போன வாரம் உத்தரவாகிவிட்டது. 2018இல் மாதம் நாலாயிரம் என்று இருந்தது. இனி ஒன்பதாயிரம், அதுவும் மனு போட்ட தேதியிலிருந்து. வக்கீல் வைக்கவில்லை, நானே நின்று பேசினேன்.

நீயும் மனுப் போட யோசிப்பதாக எழுதியிருந்தாயே, அதனால் விவரமாகச் சொல்கிறேன். குடும்ப நீதிமன்றத்தில் கட்சிக்காரர்கள் தாங்களே பேசுவது புதிதல்ல. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி அங்கே வக்கீல் வைப்பதற்குத்தான் அனுமதி வேண்டும். கவிதாவின் அப்பா அனுமதி வாங்கி வக்கீலோடு வந்தார். ஜீவனாம்சத் தொகையை மாற்றக் கேட்கும் பிரிவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 127ஆக இருந்தது, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 146 ஆகியிருக்கிறது. சூழ்நிலை மாறியிருப்பதை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். அன்று யூ.கே.ஜி. படித்தவள் இன்று ஏழாம் வகுப்பு. பள்ளிக் கட்டண ரசீது, வேன் கட்டணம், கண் மருத்துவரின் சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தேன். அவர் என்னைப் படுத்திய பாட்டை ஒரு வரிகூட எழுதவில்லை. நெஞ்சு கொதித்தது, தாமரை. ஆனால் அது என் வழக்கு. இது கவிதாவின் வழக்கு.

ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இருவரும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். அதை வற்புறுத்திக் கேள். வீட்டுக் கடன் தவணை போகக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று அவர் சொல்லியிருந்தார். குறுக்கு விசாரணையில் ஒன்றுதான் கேட்டேன்: "அந்தக் கடன் எப்போது வாங்கியது?" என் மனுவின் நோட்டீஸ் கிடைத்ததற்கு அடுத்த மாதம்! நீதிபதி நிமிர்ந்து பார்த்துவிட்டு அதைத் தானே சொல்லி எழுதச் செய்தார். நான் வேலைக்குப் போகிறேனே என்று அவருடைய வக்கீல் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்காகத் தகப்பனின் கடமை தீர்ந்துவிடாது என்று உத்தரவிலேயே இருக்கிறது.

தனியாக நிற்கத் தயக்கமாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். எப்படியானாலும் பழைய உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடு. அது கைக்கு வரத்தான் நாளாகும். மனுவை எழுதியதும் எனக்கு அனுப்பு, படித்துப் பார்க்கிறேன்.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
மல்லிகா